காது மெஷின் யாருடைய பொறுப்பு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதைப் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் உறுதி செய்த கையோடு காது மெஷினும் வாங்கச் சொல்லியிருப்பதையும், "எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதவருக்கு அது எதற்கு?" என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதையும் எழுதியிருந்தாய். ஐந்து வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்காக இதே கேள்வியைக் கேட்டவன் நான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெஷின் போட்டால் மறதி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மறதி நோய்க்கு வழிவகுக்கக்கூடிய, நம்மால் மாற்ற முடிந்த 14 காரணிகளில் காது கேளாமையும் ஒன்று என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு அறிவித்தது உண்மைதான். ஆனால் அது நோய் வருவதற்கு முந்தைய கதை. காது மெஷின் அறிவுத்திறன் சரிவைக் குறைக்குமா என்று பார்த்து 2023-இல் வெளியான அச்சீவ் ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தும், மொத்தமாகப் பார்க்கும்போது மெஷின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும், மெஷின் பெற்றவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. அவர்களும் மறதி நோய் வராதவர்கள்தான். ஆகவே அப்பாவுக்கு மெஷின் வாங்குவது நினைவை மீட்பதற்காக அல்ல, எதிரே இருப்பவர் பேசுவது அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக மட்டுமே.

அந்த 'மட்டுமே' எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் நழுவும். 'படி', 'கடி', 'தடி' எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கும். நினைவுச் சோதனையில் மருத்துவர் 'குடை' என்று சொல்ல, அம்மா உடனே 'உடை' என்று திருப்பிச் சொன்னார். அதை மறதி என்றா கணக்கு வைப்பது? காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மதிப்பெண் சிறிது ஏறியது. நோய் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் நாங்கள் மறதி என்று நினைத்ததில் ஒரு பங்கு வெறும் செவிட்டுத்தனம்.

மெஷின் வந்த முதல் வாரம் பாடாய்ப் பட்டோம். காதில் ஏதோ பூச்சி புகுந்துவிட்டது என்று அம்மா பிடுங்கி எறிவார். ஒருமுறை கைக்குட்டையில் சுற்றித் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டார். வீடு முழுக்கத் தேடியபோது தலையணைக்குள்ளிருந்து 'கீ' என்ற மெல்லிய விசில்தான் அது இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்தது. பிறகு, காலையில் முகம் கழுவியதும் பத்து நிமிடம், வீடு அமைதியாக இருக்கும்போது மட்டும் என்று ஆரம்பித்து, சில வாரங்களில் நேரத்தைக் கூட்டினோம். ஒலி அளவையும் நிபுணர் முதலில் குறைவாகவே வைத்துக் கொடுத்தார்.

உன் வீட்டில் இதை யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எல்லோருடைய வேலையும் என்றால் மெஷின் இழுப்பறைக்குள்தான் கிடக்கும். மாட்டுவது, இரவில் கழற்றித் துடைப்பது, பேட்டரி பார்ப்பது எல்லாம் அப்பாவிடம் விடக்கூடியவை அல்ல. பொதுவாக வலது காதுக்கு சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்று அடையாளம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் மாற்றி மாட்டும் குழப்பம் இராது. சின்ன பொத்தான் பேட்டரியை அவர் மாத்திரை என்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், சார்ஜ் ஏற்றும் வகையையோ, பேட்டரி கதவைப் பூட்டக்கூடிய வகையையோ கேட்டு வாங்கு. சட்டையோடு கோத்துவிடும் கயிறு மலிவானதுதான் என்றாலும் எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

இன்னொன்று: மெஷினை மாட்டிவிட்டு அடுத்த அறையிலிருந்து கத்துபவர்கள் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். கத்தினால் வார்த்தை உருமாறித்தான் கேட்கும். தொலைக்காட்சியை அணைத்து, உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்.

அம்மாவுக்கு நோய் முற்றியபின் மெஷினைக் காதில் வைத்திருக்கப் பொறுமையில்லை, வற்புறுத்துவதை நிறுத்திவிட்டோம். இப்போது மடியில் வைக்கும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியும் ஹெட்ஃபோனும் இருக்கின்றன. யாராவது பார்க்க வந்தால் மட்டும் மாட்டுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேசியபோது, பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், "குரல் நல்லா இருக்கே" என்றார்.

முதலில் அப்பாவின் காதில் குறும்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பார்த்தபின் எழுது.

உன் பழைய நண்பன்