மேடையை எடுத்துவிட்டு மேசையைப் போட்டோம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி என் கையெழுத்தைக் குறை சொல்ல உனக்கு முழுத் தகுதி வந்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் தன்னார்வலனாகச் சேர்ந்திருக்கிறேன், பல மதத்தவரும் வந்து கலந்துகொள்ளும் மாலை நிகழ்ச்சிகளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ எழுதிய வரியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்: "எல்லா மதத்துக்காரனையும் கூப்பிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவைத்து, கைதட்டி அனுப்புகிற கூட்டம்தானே?" முதல் கூட்டத்தைப் பொறுத்தவரை நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மேடை போட்டு நான்கு நாற்காலி வைத்தோம், மதத்துக்கு ஒருவர். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்து. ஆனால் வைத்தது வெள்ளிக்கிழமை மாலை. பொழுது சாய்ந்ததும் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேச ஒப்புக்கொண்டிருந்த பெரியவர் போனில் மிகப் பொறுமையாக அதை விளக்கினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. காலி நாற்காலியை எடுத்துவிடலாமா, அப்படியே விடலாமா என்று கடைசி நிமிஷம்வரை தகராறு. மற்ற மூவரும் அன்பு, அமைதி, மனிதநேயம் பற்றிப் பேசினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. முடிந்ததும் ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களோடு வந்த வழியே கலைந்து போயிற்று.

ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வேறு வேறு கூட்டத்தார் ஒரே இடத்தில் கூடிவிட்டால் மட்டும் வெறுப்பு குறையாது என்கிறார். உட்காருகிறவர்கள் சமமாக உட்கார வேண்டும், கையில் ஒரு பொது வேலை இருக்க வேண்டும், அதில் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்க வேண்டும், நடத்துகிற அமைப்பும் அதற்குத் துணை நிற்க வேண்டும். எங்கள் மேடையில் கடைசி ஒன்று மட்டும்தான் இருந்தது.

அடுத்த மாதம் காப்பாட்சியர் அம்மா ஒரு காரியம் செய்தார். மேடையைத் தூக்கிவிட்டு மேசைகள் போட்டார், மேசைக்கு ஏழெட்டுப் பேர். பதிவேட்டில் ஏறிய பொருளை யாரும் தொடக்கூடாது என்பது உனக்கே தெரியும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து மூன்று மாலைகளை எடுத்து நடுவில் வைத்தார். 108 மணி ருத்ராட்சம், 59 மணி கத்தோலிக்க ஜெபமாலை, முஸ்லிம்கள் ஓதி எண்ணும் 99 மணி தஸ்பீஹ். "உங்களுக்குத் தெரிந்ததைக் கையில் எடுத்து எப்படி எண்ணுவீர்கள் என்று காட்டுங்கள்" என்றார். வேறு பேச்சே இல்லை.

ஓர் அம்மா ஜெபமாலையை எடுத்தார். கண்ணை மூடாமலே விரல் தானாக நகர்ந்தது. பத்துச் சின்ன மணிக்கு அருள் நிறைந்த மரியே, இடையில் வரும் தனி மணிக்குப் பரலோக மந்திரம். பக்கத்தில் இருந்த பெரியவர் தஸ்பீஹை எடுத்து, 33 மணிக்கு ஒருமுறை வரும் வேறு மாதிரி மணியைத் தடவிக் காட்டினார். இருட்டில்கூட எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியுமாம். அவருக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் இளைஞன், "நாங்கள் மணி வைத்துக்கொள்வதில்லை, விரல்தான்" என்று வலதுகைக் கணுக்களில் எண்ணிக் காட்டினான். பெரியவர் முகம் லேசாக இறுகியது. "என் தகப்பனார் இதில்தான் ஓதினார்" என்றார். அந்தச் சமயம் பார்த்து எதிரில் இருந்த பெண், "நானும் கிறிஸ்தவள்தான், எங்கள் சபையில் ஜெபமாலையே கிடையாது" என்றார். ருத்ராட்சத்தை வைத்திருந்தவர் மாலையின் தலைமணியான சுமேருவைத் தாண்டக்கூடாது, அங்கிருந்தே திருப்பிக்கொள்ள வேண்டும், சுட்டுவிரல் படக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருக்க, அவருக்கு அடுத்தவர், "எங்களுக்கு ருத்ராட்சம் ஆகாது, துளசி மணிதான்" என்றார்.

மதத்துக்கும் மதத்துக்கும் நடுவே உரசல் வந்துவிடுமோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். வந்த உரசலெல்லாம் ஒரே மதத்துக்குள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த யாரும் அன்று வீட்டுக்குப் போய் 'அவர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்க முடியாது.

அன்றைய கேள்விகளில் சிறந்தது கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் கேட்டது. வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவர். "எண்ணிக்கை தவறிவிட்டால் என்ன செய்வீர்கள்?" ஜெபமாலை அம்மா, "கூட ஒன்று சொல்லிவிடுவேன், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்" என்றார். பெரியவர், "விடிகாலைத் தொழுகைக்குப் பிறகு தூக்கம் கண்ணைச் சொருகும், பாதி நாள் தவறத்தான் செய்யும்" என்று ஒப்புக்கொண்டார். விரலில் எண்ணுகிற இளைஞன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான். பொருள் நடுவில் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பேச வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்தில் வாய் திறக்கிறது.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பெர்லினில் 2015இல் 'முல்தகா' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அரபியில் சந்திக்கும் இடம் என்று பொருள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். அங்கே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் அலெப்போ அறை என்று ஒன்று உண்டு. 1600களின் தொடக்கத்தில் சிரியாவின் அலெப்போ நகரில் ஒரு கிறிஸ்தவ வணிகரின் வீட்டு வரவேற்பறையை அலங்கரித்த மரப்பலகைகள். மாதாவும் குழந்தையும் ஒருபுறம், பாரசீக இலக்கியக் காட்சி ஒருபுறம், அரபி எழுத்தில் பைபிளின் திருப்பாடல் வரிகள். 'இஸ்லாமியக் கலை' என்ற பலகைக்குக் கீழே ஒரு கிறிஸ்தவர் வீடு. அந்த முரணை அலெப்போக்காரர் ஒருவர் தன் மொழியில் சொல்லிக் கேட்பதும், நாம் சீட்டில் படிப்பதும் ஒன்றாகுமா?

பிரான்சின் மார்சே நகரில் 2015இல், பல மதத்தவர் சேர்ந்து வழிபடும் தலங்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். இஸ்தான்புல்லுக்கு அருகே புயுக்கடா தீவில் புனித ஜார்ஜ் மடம் இருக்கிறது, கிரேக்கக் கிறிஸ்தவர்களுடையது. ஏப்ரல் 23 அன்று அந்த மலைப்பாதையில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நூல்கண்டைப் பிரித்து வழிநெடுகச் செடிகளில் இழுத்துக்கொண்டே போவார்கள், வேண்டுதல். யாரும் அவர்களை மேடையில் ஏற்றி நல்லிணக்கம் பேசச் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1993இல் செயின்ட் மங்கோ அருங்காட்சியகம் திறந்தார்கள். முழுக்க மத வாழ்க்கைக்கும் மதக் கலைக்கும். பார்வையாளர்கள் மனதில் பட்டதை அட்டையில் எழுதிக் குத்திவைக்கப் பலகைகூட உண்டு. ஆனால் திறந்த அதே வருஷம், கையில் பைபிளோடு வந்த ஒருவர் அங்கிருந்த நடராஜர் செப்புச் சிலையைத் தள்ளிக் கீழே சாய்த்துவிட்டார். செப்பனிட்டுத் திரும்பவும் வைத்தார்கள். இதை உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உன் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆமாம், ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. அவர் ஒருவர்தான் அந்தச் சிலையைக் கலைப்பொருள் என்று நினைக்கவில்லை என்றும் சொல்லலாம். ஒரு பக்தரைப் போலவே அவருக்கும் அதில் ஒரு சக்தி இருப்பதாகத் தோன்றியிருக்கிறது, திசைதான் வேறு.

இங்கேயும் ஒரு நாள் ஒரு பாட்டி கற்சிலை முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார். கால் வழுக்கும், போட்டுக்கொள்ளுங்கள் என்றார் காவலர். பாட்டி காதில் வாங்கவில்லை. எங்களுக்கு அது பத்தாம் நூற்றாண்டு, கருங்கல், இத்தனை சென்டிமீட்டர். அவருக்கு அது சாமி. அடுத்த கூட்டத்தில் இதையே பேச்சுக்கு எடுத்தோம். கண்ணாடிக்குப் பின்னால் போன பிறகும் ஒன்று சாமியாக இருக்குமா? ஒருவர், வழிபாட்டை விட்டு வந்த பிறகு வெறும் கல் என்றார். ஒருவர், சிலையே கூடாது என்று நம்புகிற தனக்கே அந்தப் பாட்டியைச் செருப்புப் போடச் சொன்னது வருத்தமாக இருந்தது என்றார். முடிவுக்கு வரவில்லை. வரவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. காவலர் மட்டும் இப்போது அந்தச் சிலை முன் ஒரு பாய் போட்டிருக்கிறார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். வரவேண்டியவர்கள் வருவதில்லை. ஒருவர் மட்டும் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு இரண்டு மாதம் வாசலிலேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாதம் மழை, உள்ளே வந்து உட்கார்ந்தார். மழைக்குத்தான் நன்றி, எங்களுக்கு இல்லை.

அடுத்த கூட்டம் புனித நூல்களைப் பற்றி. வரிகளைப் பற்றி இல்லை, நூலை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி. குர்ஆனை ரிஹால் என்ற மடக்குப் பலகையில் வைப்பது, யூதர்களின் தோராச் சுருளை விரலால் தொடாமல் வெள்ளிக் குச்சியால் வரிபிடித்து வாசிப்பது, சீக்கியர்கள் குரு கிரந்த சாகிபுக்குச் சாமரம் வீசுவது. அப்போதுதான் உன் அப்பாவின் பைபிள் ஞாபகம் வந்தது. முதல் தாளில் உங்கள் வீட்டுப் பிறப்பு இறப்பெல்லாம் அவர் எழுதிவைத்திருப்பாரே, உன் பிறந்த நேரத்தை அடித்துத் திருத்தியிருப்பாரே. பள்ளி நாட்களில் அதை நீ எனக்குக் காட்டி, 'என் அப்பாவுக்கே சரியாகத் தெரியவில்லை' என்று குறைபட்டாய். தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்து வா. பதிவேட்டில் ஏற்ற மாட்டோம், உன் கையை விட்டு நகராது.

இந்த முறை புதன்கிழமை மாலை வைத்திருக்கிறோம். அந்த யூதப் பெரியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்