'ட்ரெஷர் பிளானட்' படத்தை மறுபடி திரையிடுங்கள்: டிஸ்னிக்கு ஒரு திறந்த மடல்

வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோ நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2002-இல் வந்த 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' படத்தை 2025-இல் நடிகர்களை வைத்து மறுபடி எடுத்து, 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்துவிட்டீர்கள். சந்தோஷம். அதே 2002-இல் இன்னொரு பிள்ளையும் உங்களுக்குப் பிறந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலைப் பாய்மரக் கப்பலோடு விண்வெளிக்கு ஏற்றிக்கொண்டு போன 'ட்ரெஷர் பிளானட்'. அந்தப் படத்தை ஐமேக்ஸ் திரைகளில் ஒரு தடவை மறுபடி திரையிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

பழைய கணக்கு உங்களுக்கே தெரியும். 14 கோடி டாலர் செலவு, 11 கோடிக்குச் சற்றுக் குறைவான உலக வசூல். இயக்குநர்கள் ரான் கிளெமென்ட்ஸும் ஜான் மஸ்கரும் 1985-இல் இந்தக் கதையோடு வந்தபோது வேண்டாம் என்றீர்கள். 'லிட்டில் மெர்மெய்ட்', 'அலாவுதீன்' எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மனம் இரங்கினீர்கள். அப்புறம் ஹாரி பாட்டரின் இரண்டாம் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 27 அன்று, கொண்டுபோய் இறக்கினீர்கள். போஸ்டர் பசை காய்வதற்குள் நஷ்டக் கணக்கும் எழுதியாயிற்று. ஸ்டீவன்சனின் கடற்கொள்ளையர்கள்கூடத் தலைவனை நீக்குவதென்றால் கரும்புள்ளிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்பார்கள்.

போகட்டும். எங்கள் குறை திரையின் அளவு. பாதி மனிதன், பாதி இயந்திரமாக வரும் கொள்ளையன் ஜான் சில்வரின் உடம்பையும் முகத்தையும் கிளென் கீன் குழுவினர் கையால் வரைந்தார்கள். இயந்திரக் கையை எரிக் டேனியல்ஸ் கணினியில் செய்தார். இரண்டும் ஒட்டுமா என்று பார்ப்பதற்காக, 1953-இன் 'பீட்டர் பேன்' படத்துக் கேப்டன் ஹூக்கின் கையை எடுத்துவிட்டு அங்கே கணினிக் கையைப் பொருத்திப் பரிசோதித்தார்கள். இத்தனை பாடுபட்டுச் செய்த சில்வர், கப்பல் சமையலறையில் அந்தக் கையை ஒவ்வொரு கருவியாக மாற்றி மாற்றி நறுக்கிக் கொட்டுகிற காட்சியை நாங்கள் போனில் பார்க்கிறோம். பென்சில் கோடு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்குள் காட்சி போய்விடுகிறது. வெளியானபோதே சாதாரணத் தியேட்டரோடு ஐமேக்ஸிலும் வந்த படம் இது. அன்று குழந்தையாக இருந்தவர்களும் பிறக்காதவர்களும்தான் இன்று இதன் ரசிகர்களில் நிறையப் பேர். பெரிய திரையில் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை.

சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். கையால் வரைகிற படங்களுக்குக் காலம் போயிற்று என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஓவியர்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். 2004-இல் புளோரிடா ஸ்டுடியோவை மூடினீர்கள். இன்று 100 கோடி சம்பாதித்துக் கொடுத்த 'லிலோ'வின் மூலப்படம் அந்த ஸ்டுடியோவில்தான் உருவானது. மிக நல்ல வியாபாரம்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். இதையும் நடிகர்களை வைத்து எடுக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். முதலில் பழைய படத்தை ஐமேக்ஸில் போடுங்கள். ஒரு வாரம் முடியாவிட்டால் ஒரு சனி, ஞாயிறு போதும். தேதியை மட்டும் இந்தத் தடவை பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்