'யபை' என்றால் வெறும் 'சூப்பர்' இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு உதவும் என்று சில சொற்களைக் கொடுத்திருந்தீர்கள். நல்ல முயற்சி. ஆனால் அதில் 'யாபாய் - சூப்பர், அருமை. சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரரிடம் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்' என்று ஒரு வரி இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானியர்களுக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான், அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

உச்சரிப்பு முதலில். நெடிலே கிடையாது, 'யபை' என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. நடுவில் வரும் ப, 'அபயம்' என்பதில் வருகிற ப. அது போகட்டும், பெரிய குற்றமில்லை.

அர்த்தம்தான் சிக்கல். இந்தச் சொல்லின் பழைய பொருள் ஆபத்து, இன்னும் சரியாகச் சொன்னால் 'மாட்டிக்கப் போறோம்'. திருடர்களும் அந்த மாதிரி ஆட்களும் தங்களுக்குள் பேசிக்கொண்ட குழூஉக்குறி இது. இதன் வேரான 'யபா', 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜிப்பென்ஷா இக்கு எழுதிய நகைச்சுவைப் பயணக் கதையிலேயே ஆபத்தான காரியம் என்ற பொருளில் வந்துவிட்டது. அந்த 'யபா' எங்கிருந்து வந்தது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. காசு கொடுத்து அம்பு எய்து விளையாடும் கூடங்களுக்கு அந்தக் காலத்தில் 'யபா' என்று பெயர், அங்கே மறைவில் விபசாரமும் நடந்ததால் அதிகாரிகளின் கண் எப்போதும் அதன்மேல் இருக்கும், அதனால் அங்கே போவதே 'யபை' என்கிறார்கள் சிலர். இல்லை, சிறையைக் குறித்த சொல் அது என்பது இன்னொரு கட்சி. எனக்கென்னவோ அம்புக் கூடக் கதை கொஞ்சம் ஜோடித்தது போலத்தான் படுகிறது.

அப்புறம் 1980-களில் இளைஞர்கள் இதைக் கையில் எடுத்து 'நல்லாவே இல்ல, கேவலம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த பத்தாண்டில் அப்படியே தலைகீழாகி 'ஆபத்தான அளவுக்கு நல்லா இருக்கு' என்று ஆனது. நாமும்தான் பிரியாணி 'பயங்கரமா' இருக்கு என்கிறோம், அதே கதைதான். 2014-ஆம் நிதியாண்டில் ஜப்பான் அரசின் பண்பாட்டு முகமை எடுத்த கணிப்பில், 16 முதல் 19 வயதுக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த நல்ல அர்த்தத்தில் சொல்வதாகச் சொன்னார்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் கால்வாசிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த அர்த்தம் தப்பில்லை, அது இளசுகளின் அர்த்தம்.

பழைய அர்த்தமும் செத்துப்போய்விடவில்லை. எங்கள் ஆலையில் பிரஸ் மெஷினில் புதுசாக ஒரு சத்தம் வந்து, பக்கத்தில் நிற்கும் ஜப்பானியப் பொறியாளர் வாய்க்குள் 'யபை' என்று முனகினால், யாரும் என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, உடனே நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். அதே நாள் மதியம் கேன்டீனில் மீன் வறுவலைக் கடித்துவிட்டு ஜப்பானிலிருந்து வந்த சின்னப் பையன் ஒருவன் அதே 'யபை'யைச் சுருக்கி 'யபா!' என்று கண்ணை விரிப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் குரலிலும் முகத்திலும்தான் இருக்கிறது, மொழிக்குப் புதியவருக்கு அது பிடிபடாது.

அறுபது வயதுச் சமையற்காரர் ஒருவர் கிண்ணத்தை நீட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், வெளியூர்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு 'யபை' என்றால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? சூப்பில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுகூட நினைக்கலாம். கோபப்பட மாட்டார், அவர்கள் பண்பு அப்படி, ஆனால் மரியாதையான பேச்சு அது இல்லை. முதலாளியிடமோ நேர்முகத் தேர்விலோ சொன்னால் இன்னும் மோசம்.

'ஒய்ஷீ தெஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது, ருசியாக இருக்கிறது என்று பொருள், எந்த வயதுக்காரரிடமும் தைரியமாகச் சொல்லலாம். அடுத்த இணைப்பில் யபையை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், இல்லை யபையும் இருக்கட்டும் என்றால் 'நண்பர்களிடம் மட்டும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பாவது சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்