பொருள்: பிங்க் கலரில் வந்த அலமாரி, ஃபேனில் இடிக்கும் கட்டில், மூன்று மாத அலைச்சல்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தலைமை அலுவலகம் கோவையில் இருப்பதை பில்லின் அடியில் பொடி எழுத்தில் பார்த்தேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இந்தியில் சண்டை போட்டாயிற்று, ஆங்கிலத்தில் பதினோரு மெயில் போட்டாயிற்று. இனி தமிழ்தான் பாக்கி.

ஏப்ரல் 20 அன்று மும்பையில் உங்கள் காட்கோபர் ஷோரூமில் 86,400 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டி ஆர்டர் கொடுத்தேன். எந்த மாடல் என்று நான் விளக்க வேண்டியதில்லை, மேலே கட்டில், கீழே படிப்பு மேசை வருமே, அதுதான். கூடவே மூன்று கதவு அலமாரி. செம்பூரில் எங்கள் வீட்டில் மகளின் அறை பத்துக்கு எட்டு. கட்டிலையும் மேசையையும் தனித்தனியாகப் போட்டால் பால்கனிக் கதவைத் திறக்க முடியாது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். வந்தது ஜூலை 8.

அலமாரிக் கதவுகள் மயில் பச்சை நிறத்தில் வர வேண்டும். அந்த நிறத்தை என் மகள் உங்கள் ஷேடு கார்டை வீட்டுக்கு வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை சுவரில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை. இத்தனை நாள் கார்ட்டூன் பொம்மை ஒட்டிய கட்டிலில் காலை மடக்கிப் படுத்தவள். வந்து இறங்கியதோ குழந்தைகள் அறைக்குப் போடும் வெளிர் பிங்க். பெட்டியைப் பிரித்தவள் ஒன்றும் பேசாமல் ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே போன் செய்தேன். எடுத்தவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பொண்ணு ரூம்தானே மேடம்? பிங்க் நல்லாத்தான் இருக்கும். இன்னிக்கு அழும், நாளைக்கு மறந்துடும்." அவர் பெயரை நான் எழுதவில்லை. உங்கள் கால் ரெக்கார்டிங்கில் ஜூலை 8 மாலை நாலரை மணிக்குத் தேடுங்கள், கிடைப்பார். கலர் மாறுவது எங்கும் நடக்கிற தப்புதான், சரி. ஆனால் என் பிள்ளை நாளைக்கு எதை மறப்பாள் என்று சொல்ல இவர் யார்?

கட்டில் கதைக்கு வருகிறேன். அளவு எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பி அதற்குத் தனியாக 500 ரூபாய் வாங்கினீர்கள். அவர் சுவர்களை அளந்தார், நிமிர்ந்து மட்டும் பார்க்கவில்லை. தரையிலிருந்து ஃபேன் இறக்கை 8 அடியில் சுற்றுகிறது. மெத்தையோடு உங்கள் கட்டிலின் உயரம் 5 அடி 10 அங்குலம். மீதி 2 அடி 2 அங்குலம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தலை எங்கே இருக்கும்? இந்த மாடலைச் செய்தவர்கள் நீங்கள். நம் ஊர் வீடுகளில் ஃபேன் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா? "ஃபேனைக் கழட்டிட்டு ஏசி போட்டுக்கோங்க" என்று பதில் வருகிறது. ஏசிக்கு யார் பணம் கொடுப்பது, நீங்களா?

நடுவில் பிவண்டியில் இருக்கும் உங்கள் கோடவுனுக்கு ஒரு அலைச்சல். ஜூலை 19 அன்று, "சரியான கதவு கோடவுனில் இருக்கிறது, நேரில் பார்த்து ஓகே சொன்னால் அன்றைக்கே அனுப்புகிறோம்" என்றார்கள். நம்பினேன். ஆபீசுக்கு லீவு. கொட்டுகிற மழையில் செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி தானே, அப்புறம் மான்கோலி வரை ஆட்டோ. குழியில் ஆட்டோ இறங்கிய ஒவ்வொரு முறையும் உங்கள் கம்பெனியை நினைத்துக்கொண்டேன். கோடவுன் வாசலில் செக்யூரிட்டி, "கஸ்டமருக்கு உள்ளே அனுமதி இல்லை" என்றார். ஒன்றரை மணி நேரம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றேன். கடைசியில் ஒருவர் வெளியே வந்து செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். அதே பிங்க்.

சொல்ல விட்டுப்போச்சு, அலமாரியின் கீழ்ப் பலகை ஊறி உப்பிவிட்டது. மாற்றித் தருகிறோம் என்று நீங்கள் சொன்னதால் மாட்டாமல் நடையில் சாய்த்து வைத்திருந்தோம். ஓரப் பட்டி உரிந்து உள்ளே மரத்தூள் தெரிகிறது. ஷோரூமில் "பிளைவுட் மாதிரியே உழைக்கும்" என்றார்கள். மும்பை மழைக்காலத்தில் ஒரு மாதம்கூட உழைக்கவில்லை.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. மகள் சாப்பாட்டு மேசையில் படித்து ஹாலில் பாய் போட்டுத் தூங்குகிறாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. இந்த வருஷம் அவள் மார்க் குறைந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் ஷோரூம் பெண் நல்லவர், அவரைத் திட்ட வேண்டாம். ஆனால் பில்லில் காலக்கெடு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருள் வந்த அன்றே நான் புகார் சொல்லியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்க ஒரு நிமிடம் போதும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணமே கிடையாது, நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு வர வேண்டியதில்லை. நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் பணத்தையும், அளவுக்கு வாங்கிய 500 ரூபாயையும் தாருங்கள். அலமாரிக்கு மயில் பச்சைக் கதவுகளும் புதுக் கீழ்ப் பலகையும் வேண்டும். பதினைந்து நாள் தருகிறேன். அந்த போன் ஆள் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டால் நல்லது. கேட்க மாட்டார், தெரியும்.

இப்படிக்கு,
செம்பூர் வாடிக்கையாளர்

பி.கு.: ஆள் அனுப்புவதானால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எங்கள் சொசைட்டியில் அன்றைக்கு ட்ரில் போட விடமாட்டார்கள். இதையும் ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.