முதல் இருபது நிமிடத்தைத் தாதியரிடம் விடுங்கள்

எங்கள் ஊர் மருத்துவமனை இயக்குநருக்கும் மேட்ரனுக்கும்,

வணக்கம். 31 ஆண்டுகள் வேறு ஊர்களில் தாதியாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பிறந்த தோட்டப்புறத்துக்கே திரும்பி வந்தவள் நான். போன மாதம் என் பெரியம்மாவுக்குத் துணையாக உங்கள் வார்டில் மூன்று இரவு தங்கினேன்.

பெரியம்மா பால்மரம் சீவியவர். இனிப்புநீர் (நீரிழிவு), காலில் ஆறாத புண். சேர்த்தபோது நான் உடன் இல்லை. தாதி மலாயில் "சாக்கித்?" (வலிக்கிறதா?) என்று கேட்டிருக்கிறார். இவர் "தாக் சாக்கித்" (வலி இல்லை) என்றிருக்கிறார். பொய்யில்லை. அவர் கணக்கில் வலி வேறு, காந்தல் வேறு. அன்றிரவு நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள், காந்தல் தாங்காமல் பாட்டில் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டு இறங்கி, ஈரத்தில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, இடுப்பு தப்பியது.

கால்மாட்டில் தொங்கிய தாளைப் பார்த்தேன். வலி: இல்லை. பராமரிப்புத் திட்டம், பக்கத்துக் கட்டிலில் இருந்ததன் அச்சு அசல். (எட்டிப் பார்த்தது தப்புதான், பழைய பழக்கம்.)

அந்தத் தாதியின் மேல் எனக்குக் கோபமில்லை. 28 கட்டிலுக்கு இரவில் மூன்று பேர். நானும் விடிகாலை ஐந்து மணிக்கு அப்படி நகல் எடுத்தவள்தான். கல்லூரியில் தாதிப் பராமரிப்பின் ஐந்து படிகளை மனப்பாடம் செய்தோம்: அறிதல், கண்டறிதல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல். மருத்துவர் 'நீரிழிவு' என்று எழுதுவார். இரண்டாவது படியில் 'விழும் அபாயம்' என்று எழுத வேண்டியது தாதி. அதற்கு முதல் படியிலேயே உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். அது கிடைக்காதபோது மற்ற நான்கும் வெறும் தாள் நிரப்பும் வேலை. 1961இல் அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஐடா ஜீன் ஓர்லாண்டோ எழுதியதும் இதையொட்டித்தான்: நோயாளிக்கு என்ன தேவை என்று நாமே ஊகிக்காமல், அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பது கையெழுத்து இருக்கிறதா என்பதை மட்டுமே. எழுதியது அந்த நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் தாதி ஏன் மெனக்கெடப் போகிறார்? ஷிப்ட் தாதியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று 2024இல் பேச்சு எழுந்ததே, மணியைக் கூட்டினாலும் அது மருந்து வண்டிக்கும் தொலைபேசிக்கும்தான் போகும்.

ஆள் சேர்ப்பது அமைச்சின் கையில் என்பீர்கள். சரி. ஆனால் புது நோயாளி வந்ததும் இருபது நிமிடம் அந்தத் தாதியை வேறெதற்கும் கூப்பிடாமல் இருப்பது உங்கள் கையில். வயதானவர்களிடம் பேச, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை, அவர் அட்டெண்டராக இருந்தாலும், அழைத்துக்கொள்ளச் சொல்வதும்தான்.

காந்துது, மரத்துப்போச்சு, குடையுது, கடுக்குது, சுண்டி இழுக்குது. இவற்றுக்கு மலாயில் பொருள் எழுதி ஓர் அட்டை தயாரித்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை மேட்ரன் அறைக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி