எண்ணூர்க் கழிமுகத்தில் சிதறடிப்பு இரசாயனம் வேண்டாம்

இந்தியக் கடலோரக் காவல்படைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எண்ணெய் கசிந்தால் அதை அகற்றும் பணியை நாடு முழுவதும் ஒருங்கிணைப்பது தங்கள் படை என்பதால், எண்ணூர்க் கரையில் வாழ்பவர்களுள் ஒருவராக இம்மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவியதையும் எங்கள் கரை கண்டிருக்கிறது. கசிந்த எண்ணெய்மீது தெளிக்கும் சிதறடிப்பு இரசாயனத்தைப் பற்றி அடுத்த கசிவு நேரும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சிதறடிப்பு இரசாயனம் எண்ணெயை அகற்றுவதில்லை; மேலே மிதக்கும் படலத்தை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குகிறது. ஆழ்கடலில் அத்துளிகள் விரைவில் பரவி நீர்த்துப் போகும் என்பதாலும், கடற்பறவைகளும் அலையாத்திகளும் எண்ணெய்ப் பூச்சிலிருந்து தப்பும் என்பதாலும் அங்கே அதற்கு இடமுண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால், ஆளிச் சிப்பிகளும் நண்டுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் ஆழமற்ற கழிமுகத்தில் நீர்த்துப்போக நீரே போதாது. மீன் முட்டைகளும் இளங்குஞ்சுகளும் எண்ணெயின் நச்சுக்கு மிகுதியாக ஆளாகின்றன. போதாக்குறைக்கு, கப்பல்களின் கெட்டியான உலை எண்ணெய் இந்த இரசாயனத்துக்கு எளிதில் உடைவதுமில்லை.

1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது, கசிந்த எண்ணெயைச் சிதறடிக்க ஏறத்தாழ 10,000 டன் சோப்பு இரசாயனத்தைக் கடலிலும் கரையிலும் கொட்டினார்கள். பாறைகளில் ஒட்டி வாழ்ந்த நத்தையினங்கள் கூட்டமாக மடிந்தன. அவை மேய்ந்துவந்த பாசி தடையின்றிப் பாறைகளை மூடியது. எண்ணெய் மட்டும் படிந்த கரைகள் சில ஆண்டுகளில் தேறிவிட, இரசாயனம் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட கரைகள் தேற 10 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. இன்றைய இரசாயனங்களின் நச்சுத்தன்மை அன்றையதைவிடக் குறைவுதான். ஆயினும் அவை நீருக்குள் இறக்கும் எண்ணெயின் நஞ்சு குறைந்துவிடவில்லை.

ஆகவே, எண்ணூர்க் கழிமுகத்திலும் அதையொட்டிய ஆழமற்ற கடலிலும் சிதறடிப்பு இரசாயனத்தை முற்றிலும் விலக்கி, மிதவைத் தடுப்புகளையும் எண்ணெய் உறிஞ்சும் கருவிகளையும் கையிருப்பில் வைத்து, அவற்றைக் கையாள மீனவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சியும் பாதுகாப்பு உடையும் வழங்க ஆணையிடுங்கள். ஆழ்கடலில் தெளிக்க நேர்ந்தால், இரசாயனத்தின் பெயர், அளவு, தெளித்த இடம், அங்குள்ள ஆழம் ஆகியவற்றை அன்றைக்கே தமிழில் வெளியிடுங்கள். அதன்பின் மீனையும் இறாலையும் சோதித்த முடிவுகளை எங்கள் மீனவர் கிராமங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவர்