தூண்டில் கம்பில் பெயர் பதிப்பது பற்றி

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தூண்டில் நூல் ஓடும் வளையங்களான கைடுகளைக் கம்போடு பிணைக்கும் நூல் கட்டு அருமையாக வந்திருக்கிறது, கைடுகள் ஒன்றுகூட வரிசை பிசகவில்லை. பெயர் இருக்கும் இடம்தான் கண்ணை உறுத்துகிறது. எழுத்தைச் சுற்றிப் பால் தெளித்த மாதிரி வெண்மை, ஒரு முனையில் சுருக்கம், மேலே பூசிய எபாக்ஸியில் (பிசினும் கெட்டியாக்கியும் கலந்த பூச்சு) அம்மைத் தழும்பு போல இரண்டு குழி. பிரிண்டர் சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த மூன்றில் ஒன்றுக்கும் பிரிண்டர் காரணமில்லை. டீகாலுக்கு (தாளில் அச்சடித்து, தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் மெல்லிய படலம்) அடியில் செய்ய வேண்டிய வேலையும், ஒட்டிய பிறகு காக்க வேண்டிய நேரமும் குறைந்துவிட்டன, ஒட்டிய இடமும் எபாக்ஸி அளந்த குழலும் சரியில்லை. அவ்வளவுதான்.

முதலில் வெண்மை. இது இரண்டு வகை. கம்பைத் திருப்பும்போது ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளியாக மின்னினால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. எந்தக் கோணத்திலும் மங்கலாகவே இருந்தால் ஈரம் காயவில்லை. உன் படத்தில் இரண்டுமே தெரிகிறது. வெறுங்கம்பை விரலால் தடவிப் பார், நுண்ணிய வரிகள் சுருளாக ஓடும். கம்பைத் தயாரிக்கையில் அடுப்பில் வேகவைக்கும்போது இறுக்கிச் சுற்றிய நாடாவின் தடம் அது. தேய்த்து மழமழப்பாக்காத கம்பில் எல்லாம் இது இருக்கும். மெல்லிய படலம் அந்த மேடுகளில்தான் உட்காரும், பள்ளத்தில் காற்று நிற்கும். அதனால் நேராக வெறுங்கம்பின்மேல் ஒட்டாதே. அந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்ஸியை மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, கம்பைச் சுழலவிட்டு, 24 மணி நேரம் காயவிடு. கண்ணாடி போன்ற அந்தப் பரப்பின்மேல்தான் டீகால் ஒட்ட வேண்டும். கம்பு முன்பே பளபளப்பாக இருந்தால் இந்த அடிப்பூச்சு தேவையில்லை, துடைத்தால் போதும்.

அடுத்தது அளவு. கைப்பிடிக்கு மேலே 12 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள், சுற்றளவு 37.7 மி.மீ. வரும். ஒரு பார்வையில் வசதியாகப் படிக்க முடிவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 மி.மீ.தான். படலத்தின் உயரம் அதற்குள் அடங்கட்டும். 8 மி.மீ.க்குள் என்றால் இன்னும் நல்லது. கம்பு நுனிப்பக்கம் மெலிகிறது என்பதையும் கணக்கில் கொள். 10 செ.மீ. தூரத்தில் விட்டம் 12-இலிருந்து 11.4 ஆகக் குறைந்தால் சுற்றளவில் 1.9 மி.மீ. போய்விடும். முழுக்கச் சுற்றி ஒட்டும் பட்டையின் இரு ஓரமும் சேராமல் கோணலாக நிற்பது இதனால்தான். மூன்றில் ஒரு பங்கு மட்டும் மூடும் பட்டையில் இந்த வித்தியாசம் அரை மி.மீ. சொச்சம், கண்ணுக்குத் தெரியாது. உன் சுருக்கத்துக்குக் காரணம் வேறு. படலத்தின் ஒரு முனை நூல் கட்டின் விளிம்பில் ஏறி நிற்கிறது. அந்தப் படியில் படலம் படியவே படியாது. இரு பக்கமும் நூல் கட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி வை.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தமிழில் பெயர் வைக்க நீ ஆசைப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். நமக்கு மேலே இகர ஈகார விலங்கும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வரும். 8 மி.மீ. உயரம் இருக்கிறதே என்று இரண்டு வரி திணித்தால் எழுத்தின் உடல் 2 மி.மீ.க்குக் கீழே போய், ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி காணாமல் போனால் சொல்லே மாறிவிடும். எழுத்தின் உடல் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் வை. தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த எழுத்துருவை விட்டுவிட்டு, ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவை எடு. சில பழைய வரைகலை மென்பொருள்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திரையில் சரியாக வந்ததும் எழுத்தை வளைகோடுகளாக மாற்றிச் சேமித்துவிடு, வேறு கணினியில் திறந்தாலும் உடையாது.

என்ன எழுதுவது? கம்பின் பெயர், நீளம், எத்தனை துண்டு, தூண்டில் நூலின் எடை அல்லது எறியக்கூடிய தூண்டிலிரையின் எடை, உன் வரிசை எண், முடித்த ஆண்டு. இதற்கு மேல் வேண்டாம். ஸ்பின்னிங் கம்பில் ரீலும் கைடுகளும் கீழே தொங்குவதால், பெயரை எதிர்ப்புறம், மேல்நோக்கி இருக்கும்படி வை. கைப்பிடி முடிந்து 3 முதல் 5 செ.மீ. தள்ளி, கொக்கி மாட்டும் வளையம் மறைக்காத இடம்.

டீகால் தாள் வாங்கும்போது லேசருக்கா இங்க்ஜெட்டுக்கா என்று பார்த்து வாங்கு. இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டில் படலம் உருகி உள்ளே உருளையில் ஒட்டிக்கொள்ளும், பிரிண்டரே போய்விடும். லேசர் மை தண்ணீருக்குக் கரையாது, கறுப்பு வெயிலுக்கும் வெளுக்காது. உனக்கு நான் சொல்வது லேசர்தான். இங்க்ஜெட்டில் அடித்தால், நன்றாகக் காயவிட்டு, அக்ரிலிக் தெளிவுப் பூச்சை இரண்டு மூன்று தடவை பனி படிவது போல மெலிதாகத் தெளித்து, அதுவும் காய்ந்த பிறகே வெட்டித் தண்ணீரில் போட வேண்டும். முதல் தடவையே நனைய நனையத் தெளித்தால் மை ஓடிவிடும்.

கறுப்புக் கம்பில் எழுத்து தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். தெளிவான தாளில் மஞ்சளோ சிவப்போ அடித்தாலும் கறுப்பின்மேல் மறைந்துவிடும். சாதாரணப் பிரிண்டர்கள் வெள்ளை அடிப்பதில்லை, வண்ண மையும் அடியிலிருப்பதை மறைக்காது. வெள்ளைத் தாள் வாங்கலாம், ஆனால் வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும், அதைக் கறுப்பு மார்க்கரால் பூச வேண்டிவரும். இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அடிப்பூச்சின்மேல் பெயர் வரும் இடத்தில் மட்டும் பொன்னிற அக்ரிலிக் வண்ணத்தை ஒரு சிறு பட்டையாகப் பூசிக் காயவிடு. தெளிவான தாளில் கறுப்புக் கட்டம் போட்டு, எழுத்தை மட்டும் அச்சில்லாமல் காலியாக விடு. கட்டம் பொன்பட்டையைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஒட்டினால் கட்டத்தின் கறுப்பு கம்போடு கலந்துவிடும், எழுத்து மட்டும் பொன்னாக மின்னும். ஒட்டுமுன் படலத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார். கறுப்பில் ஊசித்துளை வெளிச்சம் தெரிந்தால் வேறொன்று அடி.

வெட்டும்போது அச்சிலிருந்து 1 மி.மீ. விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டு. கூர்மூலைதான் முதலில் தூக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் 20, 30 விநாடி போட்டு எடுத்து, ஒரு நிமிடம் துணிமேல் வை. அவசரப்பட்டு உரிக்காதே. விரலால் லேசாகத் தள்ளினால் படலம் தாளின்மேல் தானாக வழுக்க வேண்டும், வழுக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறு. கம்பில் அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து, தாளைக் கம்போடு ஒட்ட வைத்து, படலத்தை அப்படியே கம்பின்மேல் வழுக்கிவிடு. கைடுகளைப் பார்த்து நேராக்கு. அதன் பிறகு ஈரமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒற்றித் தண்ணீரை வெளியேற்று. பாதி காய்ந்த பிறகு நகர்த்தினால் கிழியும், இல்லாவிட்டால் சுருங்கும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் மிச்சம் எபாக்ஸியை விலக்கும். வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் காயவிடு. மழைக்காலம் என்றால் இரண்டு நாள்.

இனி அந்தக் குழிகள். எபாக்ஸி ஓரிடத்தில் ஒட்டாமல் விலகினால் அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. நீ அளக்கப் பயன்படுத்திய மருந்து ஊசிக்குழலின் ரப்பர் வழுக்கிச் செல்லச் சிலிக்கோன் தடவியிருப்பார்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். எண்ணெய் தடவாத ஊசிக்குழல் கிடைக்கும், பிசினுக்கு ஒன்று, கெட்டியாக்கிக்கு ஒன்று, மாற்றிவிடாதே. சம அளவு கலக்கும் வகை என்றால் ஒவ்வொன்றிலும் 3 மி.லி.; அதற்குக் குறைந்தால் சிறு பிழையும் விகிதத்தைக் கெடுத்து, காயாத பிசுபிசுப்பு நிற்கும். மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பி ஊற்று. கோப்பையிலேயே குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். படலத்தின் விளிம்பு மூழ்கும்படி மெலிதாக ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தேய்க்கத் தேவையில்லை, பல நாள் கழிந்தால்தான் மிருதுவான உப்புத்தாள் வேண்டும். அப்போதும் எழுத்தின்மேல் கை வைக்காதே.

இப்போதைய கம்பை அப்படியே விட்டுவிடாதே, சரிசெய்யலாம். முடி உலர்த்தியால் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கு, ஒரே இடத்தில் நிறுத்தாதே. பூச்சு இளகியதும் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ தூக்கினால் உரிந்து வரும். கத்தியை மட்டும் எடுக்காதே. கார்பன் இழையில் ஒரு கீறல் விழுந்தால், மீன் இழுக்கும் நாளில் கம்பு அங்கேதான் முறியும்.

உரித்த பிறகு அந்த இடத்தின் இரு முனையிலும் விட்டத்தை அளந்து, எழுத வேண்டிய சொற்களோடு அனுப்பு. எழுத்து உயரத்தைக் கணக்கிட்டுக் கட்டம் வரைந்து அனுப்புகிறேன். சாதாரணத் தாளில் அச்சடித்துக் கம்பில் சுற்றிப் பார்த்துவிட்டு டீகால் தாளுக்குப் போகலாம்.

அன்புடன்,
உன் நண்பன்